மலைக்குப் போகிறோம் சரி, எங்கே தங்குவது?

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று இப்போதே சொல்லி விடுகிறேன். நம்ம காலத்தில் பேராசிரியர்கள் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தினார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த சந்திப்பைக் கல்லூரி அரங்கில் வைக்காமல், மலைமேல் இரண்டு இரவு தங்கி நடத்துவது என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். போவது என்று முடிவாகி விட்டது. எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி. சேலத்துக்காரர்கள் ஏற்காடு என்கிறார்கள். ராசிபுரம், நாமக்கல் நண்பர்கள் கொல்லிமலையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். திருச்செங்கோட்டு நண்பர் ஒருவர், "ஏனுங்க, ஏற்காடும் கொல்லிமலையும் பார்த்த மலைதானுங்களே, எல்லாரும் சுவிட்சர்லாந்துக்கே போயிடலாமுங்க" என்றார். அவர் ரிக் வண்டி வைத்திருக்கிறவர். அவருக்கு அது ஒரு போர் போட்ட காசு. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அப்படியா?

ஆனாலும் அவர் சொன்னதை நான் சிரித்துவிட்டு விடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மலையில் தங்குமிடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தேன். அதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

ஆல்ப்ஸ் மலையில் சுவிட்சர்லாந்துப் பக்கம் செர்மாட் என்று ஒரு ஊர். மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் இருக்கிறது. அந்த ஊர் இருக்கிற உயரம் ஏறத்தாழ 1,600 மீட்டர். நம்ம சேர்வராயன் கோயில் இருக்கிற இடம் 1,623 மீட்டர்! உயரத்தில் நாமும் அவர்களும் ஒன்றுதான். பூமத்திய ரேகையிலிருந்து நாம் பன்னிரண்டு டிகிரிக்குள் இருக்கிறோம், அவர்கள் நாற்பத்தாறு டிகிரியில் இருக்கிறார்கள். அதனால் அவர்களுக்குப் பனிச்சறுக்கு, நமக்குக் காப்பிச் செடி. அந்தச் செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் போக முடியாது. ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே டேஷ் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலிலோ டாக்ஸியிலோ போக வேண்டும். எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதே விதிதான்.

பிரான்சுப் பக்கம் கூர்ஷெவெல் என்று இன்னொரு ஊர். அங்கே ஒரே மலையில் கீழிருந்து மேலாகப் பல குடியிருப்புகள். வெகுகாலம் அவற்றை 1300, 1550, 1650, 1850 என்று உயரத்தின் எண்ணாலேயே அழைத்தார்கள். 2011-ல்தான் மற்றவற்றுக்கு ஊர்ப் பெயர் சூட்டினார்கள். 1850-ல் இருப்பதுதான் செல்வந்தர்கள் தங்குகிற இடம். கீழே வர வர வாடகை குறையும். மேலே ஏன் அவ்வளவு வாடகை? விடுதிக் கதவைத் திறந்தால் காலடியிலேயே பனிச்சறுக்குப் பாதை. எதற்காக வந்தார்களோ அது வாசலிலேயே இருக்கிறது. அந்த வாசலுக்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் நம்ம பாடம். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், 'நாம எதுக்குப் போறோம்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் சறுக்கப் போவதில்லை. இந்த வயதில் சறுக்கினால் எலும்பு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். நாம் போவது பேசுவதற்கு. நாற்பது, ஐம்பது வருஷத்துக் கதையைப் பேசித் தீர்ப்பதற்கு. ஆக நம் வாசலில் இருக்க வேண்டியது பள்ளத்தாக்குக் காட்சியும் அல்ல, நீச்சல் குளமும் அல்ல. அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பேச ஒரு பெரிய திண்ணையோ கூடமோ இருந்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டு மலை மலையாகப் பார்ப்போம்.

கொல்லிமலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நாமக்கல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1997 ஜனவரி 1-ல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகு, கொல்லிமலை அவர்கள் பங்குக்குப் போய்விட்டது. ஏற்காடு நம்மிடம் தங்கி விட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடி மாதம் பதினேழு, பதினெட்டில் அவன் பெயரில் விழா நடக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கை அருவி. பலாவும் அன்னாசியும் மிளகும் சாமையும் தினையும் விளைகிற பூமி. உயரம் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர். ஏற்காடு அளவுக்குக் கூட்டம் கிடையாது. காற்று சுத்தம்.

ஆனால் காரவள்ளியிலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு! லாரித் தொழிலில் இருக்கிற நண்பர்கள் அதை ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு முப்பதாவது வளைவிலேயே வயிறு புரட்டும். ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேலான படிகள். இறங்கினால் ஏறியாக வேண்டும், அதுதான் சங்கடம். நம்மில் பாதிப்பேர் பி.யூ.சி. படித்தவர்கள். அந்தப் பி.யூ.சி.யே 1978-ல் பிளஸ் டூ வந்ததும் போய்விட்டது. அப்படியென்றால் நம்ம முழங்காலுக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செம்மேடு, சோளக்காடு பக்கம் தங்கும் இடங்கள் உண்டு. ஆனால் ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் மலைப்பாதையில் இருட்டில் இறங்கித்தான் ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ கொண்டுபோக வேண்டும். ஆகவே என் கருத்து: நமக்குப் பின்னால் படித்த இளைய வகுப்புகள் கொல்லிமலைக்குப் போகட்டும், நன்றாக அனுபவிக்கட்டும். நம்ம வகுப்புகளுக்கு வேண்டுமானால் ஒரு நாள் பயணம். தங்க வேண்டாம்.

இனி ஏற்காடு. நம்ம விடுதி மொட்டை மாடியிலிருந்து தினமும் பார்த்த மலைதான். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஊர் இருக்கிற உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல். ஆக எட்டு டிகிரி அளவு குறைகிறது. சேலம் நாற்பது டிகிரியில் வேகும்போது அங்கே முப்பத்திரண்டுதான். வெள்ளைக்காரன் அந்தக் காலத்திலேயே மேலே ஏறினதுக்கு இதுதான் காரணம்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு எஸ்டேட்டுகள் வந்தன, துரைமார் பங்களாக்கள் வந்தன, பள்ளிக்கூடங்கள் வந்தன. மான்ட்போர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. இந்தியாவின் கற்காலத்தைத் தோண்டி எடுத்துக் காட்டிய ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர், ஓய்வு பெற்ற பிறகு வசிக்கத் தேர்ந்தெடுத்தது ஏற்காட்டைத்தான். நாடெல்லாம் சுற்றிய மனிதர் நம்ம மலையில் வந்து தங்கினார் என்றால் நமக்கும் பெருமைதானுங்களே. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று பெயர் வந்தது என்பார்கள். ஊரின் அமைப்பும் அப்படித்தான்: நடுவில் ஏரி, சுற்றிலும் தோட்டம்.

ஏற்காட்டில் தங்குவதற்கு நான்கு பகுதிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பகுதி, ஏரியைச் சுற்றியுள்ள இடம். ஒண்டிக்கடை, பேருந்து நிலையம், அண்ணா பூங்கா எல்லாம் பக்கம். அரசுச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் இந்தப் பகுதியில்தான். காலையில் எழுந்து ஏரிக்கரையில் நடக்கலாம். மருந்துக் கடைக்கு நடந்தே போகலாம். பஸ்ஸில் வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். குறை என்னவென்றால் சத்தம். சனி, ஞாயிறில் ஹாரன் சத்தத்தில் பறவைச் சத்தம் கேட்காது.

இரண்டாவது, லேடீஸ் சீட் பக்கம். மலையின் விளிம்பு. ராத்திரியில் சேலம் நகரத்து விளக்குகள் கீழே கொட்டிக் கிடக்கிற மாதிரி தெரியும். நம்ம ஊரை நாமே மேலேயிருந்து பார்க்கிற சுகம் தனி. பெரிய ரிசார்ட்டுகள் சில இந்தப் பக்கம் இருக்கின்றன. காட்சிக்கு விலை உண்டு. பள்ளத்தாக்கு தெரிகிற அறைக்கு ஒரு வாடகை, தெரியாத அறைக்கு ஒரு வாடகை. மலைச் சரிவில் கட்டியிருப்பதால் படிகள் அதிகம். அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் நாற்பது, ஐம்பது படி இருக்கிற இடங்களும் உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் அந்தக் காட்சியும் கிடையாது. காசு கொடுத்தது வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான்.

மூன்றாவது, லூப் ரோடு. எஸ்டேட்டுகளுக்குள் வளைந்து வளைந்து போகிற முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான சுற்றுப்பாதை. பழைய பங்களாக்கள், காப்பித் தோட்டத்து விடுதிகள். சில்வர் ஓக் மர நிழல், மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி. அமைதி என்றால் அப்படியொரு அமைதி. பங்களாவுக்கே உரிய அகலமான வராந்தா. நாம் தேடுகிற திண்ணை அதுதான்! ஆனால் இருட்டின பிறகு அந்த ரோட்டில் காட்டெருமை நிற்கும். செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் எட்டுவதில்லை. தன் வண்டியில் வருகிறவருக்குத்தான் வசதி. பஸ்ஸில் வருகிறவர் ஜீப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, நாகலூர், மஞ்சக்குட்டை மாதிரி கிராமங்களின் பக்கம் உள்ள வீட்டுத் தங்கல்கள். வாடகை குறைவு. வீட்டுச் சாப்பாடு. பத்துப் பேர் என்றால் நன்றாயிருக்கும். அறுபது பேருக்கு இடம் போதாது.

இத்தோடு ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. கீழே சேலத்திலேயே தங்கி, காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கி விடுவது. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள், இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள் வெட்கப்படாமல் இதைச் செய்யலாம். "நீ மேலே தங்கலையா?" என்று யாரும் கேலி பேசக் கூடாது. பகல் பொழுது முழுக்க நம்மோடு இருந்தாலே அவர் சந்திப்புக்கு வந்தவர்தான்.

அடுத்தது, எப்போது போவது? ஏப்ரல், மே என்றால் வேண்டாம். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி. பார்க்க அழகு, தங்க அவஸ்தை. வாடகை ஏறும், தண்ணீர் இறங்கும். ஏறுவதற்கு அடிவாரம் வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ஒருவழிப்பாதையாக்கிய ஆண்டுகளும் உண்டு. அந்த அளவுக்குக் கூட்டம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வந்ததே, எதனால்? மலை தாங்கவில்லை என்பதனால்தான். ஏற்காடும் அதே மாதிரியான சின்ன மலைதான்.

ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நல்ல காலம், பொங்கல் முடிந்த பிறகு ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. குளிர் இருக்கும், ஒரு ஸ்வெட்டருக்கு அடங்குகிற குளிர். பள்ளிக்கூட விடுமுறை கிடையாது. அதிலும் செவ்வாய், புதன் போனால் வாடகையும் குறைவு, ஹாரன் சத்தமும் குறைவு. நம்மில் பெரும்பாலோருக்கு இப்போது எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதானே! கொஞ்சம் தள்ளி, கோடை மழை ஒன்று விழுந்த பிறகு போனால் காப்பிப் பூப் பார்க்கலாம். தோட்டமெல்லாம் மல்லிகைப் பந்தல் போட்ட மாதிரி வெள்ளையாய் மணக்கும். மழை எப்போது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் அதை நம்பித் தேதி வைக்க வேண்டாம்.

விடுதிக்குப் போன் போடும்போது படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். படத்தில் எல்லா அறையும் அரண்மனைதான். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஒன்று: வண்டி நிற்கிற இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? கைப்பிடி இருக்கிறதா? "கொஞ்சம் படிதான் சார்" என்பார்கள். அந்தக் "கொஞ்சம்" எத்தனை என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு: மேற்கத்திய முறைக் கழிப்பறை எல்லா அறையிலும் உண்டா? வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

மூன்று: தண்ணீர் சொந்தக் கிணறா, லாரித் தண்ணீரா? லாரி என்றால் கோடையில் வாளிக் கணக்குப் பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் குடத்தோடு காத்திருக்கும்போது நாம் ஷவரில் நிற்பதும் சரியல்ல.

நான்கு: கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? ராத்திரியில் மூச்சுக் கருவி வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

ஐந்து: அறுபது பேர் உட்காரக் கூடம் உண்டா? அதற்குத் தனி வாடகையா?

ஆறாவது கேள்வியை நான் அழுத்திச் சொல்கிறேன். டிரைவர்களுக்குப் படுக்க இடம் உண்டா? அவர்களுக்குச் சாப்பாடு எங்கே? பெரிய பெரிய விடுதிகளில்கூட டிரைவரைக் காரிலேயே படுக்க விட்டுவிடுகிறார்கள். ராத்திரி பத்து, பன்னிரண்டு டிகிரிக் குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு சீட்டில் சுருண்டு கிடக்கிற மனிதர், மறுநாள் காலையில் நம் குடும்பத்தை உட்கார வைத்து இருபது வளைவு இறக்க வேண்டும். 2024 ஏப்ரல் 30-ந் தேதி ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து ஒன்று வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போனதைப் பத்திரிகையில் படித்தோம். மலைப்பாதை பாவம் பார்க்காது. நம்ம நாமக்கல், சங்ககிரி லாரி நண்பர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு, தூக்கம் வந்தால் நிறுத்து. தூங்காத டிரைவருக்கு இதில் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆகவே டிரைவருக்குக் கட்டில் இல்லாத விடுதி எத்தனை நட்சத்திரமாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

ஏழாவது: அந்த விடுதியில் வேலை செய்கிறவர்கள் யார்? சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் மலையாளி மக்களின் பூர்வீக பூமி. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. அவர்கள் நிலத்தில் போய் நாம் இரண்டு நாள் காற்று வாங்குகிறோம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிற விடுதியாகப் பார்த்து எடுத்தால் நம்ம பணம் அந்த மலையிலேயே கொஞ்சம் தங்கும். காப்பித்தூளும் மிளகும் திரும்பி வரும்போது அங்கேயே வாங்குங்கள். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் கொண்டுபோக வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் அதற்குத் தடை இருக்கிறது. நம்மிடம் பாக்குமட்டைக்கா பஞ்சம்?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் நம்ம வகுப்பு நண்பர்கள் முப்பது பேர் ஒரு மலை விடுதிக்குப் போனோம். எந்த ஊர், எந்த விடுதி என்பது வேண்டாம். அங்கே மூன்று வகை அறை. அவரவர் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. போன பிறகு பார்த்தால், முதல் வகை அறைக்காரர்களுக்குச் சாப்பாட்டுச் சீட்டு ஒரு நிறம், மூன்றாம் வகைக்கு வேறு நிறம். ஒரு சீட்டுக்குக் கண்ணாடிக் கூடத்தில் சாப்பாடு, இன்னொன்றுக்குப் பின்கட்டில். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சோறு தின்றவர்கள், கையில் வெவ்வேறு நிறச் சீட்டோடு வெவ்வேறு வாசலில் நின்றார்கள். அன்று யாரும் எதுவும் பேசவில்லை. சீட்டுப் பிரித்ததைச் சத்தம் போட்டுச் சரி செய்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். ஆனால் அடுத்த வருஷம் பின்கட்டுக்காரர்களில் நான்கு பேர் வரவில்லை. அதில் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். தறி வைத்திருக்கிறார். "கல்யாண சீசனுங்க, வேலை ஜாஸ்தி" என்றார். அது ஆவணி மாதமும் அல்ல, தை மாதமும் அல்ல. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் வீட்டம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நண்பர்களே, நம்மில் ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர் இருக்கிறார். நாமக்கல்லில் லட்சம் கோழி வளர்க்கிறவர் இருக்கிறார். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர் இருக்கிறார். இளம்பிள்ளையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவரும், செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கணக்கு எழுதுகிறவரும் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் நம் பெயர் அகர வரிசையில்தான் இருந்தது. சொத்து வரிசையில் இருக்கவில்லை. விடுதி அறை அந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆகவே செயற்குழுவின் முன் நான் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஒரே வகை அறைகளாக உள்ள விடுதியையே எடுக்க வேண்டும். முழு விடுதியையும் நாமே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. செவ்வாய், புதனில் கேட்டால் விலை பேசலாம். அப்படிக் கிடைக்காவிட்டால் எல்லா அறைகளின் வாடகையையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுத்து, எந்த அறை யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். கீழ்த்தளம் மட்டும் முழங்கால் வலிக்காரர்களுக்கு. அதில் குலுக்கல் கிடையாது.

இரண்டாவது, அந்தத் தலைக்கட்டு யாராலும் கொடுக்க முடிகிற தொகையாக இருக்க வேண்டும். மீதியைப் பொது நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வசதியுள்ளவர்கள் பொது நிதிக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மேடையில் வாசிக்கவும் வேண்டாம், இந்த மலரில் அச்சடிக்கவும் வேண்டாம். கொடுத்தவர் பெயர் தெரிந்தால் கொடுக்காதவர் பெயரும் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, சேலம் வரைக்கும் அவரவர் எப்படி வேண்டுமானாலும் வரட்டும். அங்கிருந்து மேலே எல்லோருக்கும் ஒரே பஸ். செர்மாட்டில் கோடீஸ்வரர்கள் டேஷில் இறங்கி ரயில் ஏறுகிறார்களே, நாம் அடிவாரத்தில் இறங்கி ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாதா? இருபது வளைவுக்குள் பாதிக் கதை பேசி முடித்துவிடுவோம். அனுபவமுள்ள இரண்டு டிரைவர்களைப் போடலாம். அறுபது பேருக்கு அறுபது கார் போய் ஏரிக்கரையை அடைத்துக்கொள்வதும் மிச்சமாகும்.

நான்காவது, இடம். ஏரிக்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில், ஆனால் முக்கிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கூடம் உள்ள ஒரு நடுத்தர விடுதி. அதுதான் என் வாக்கு. லேடீஸ் சீட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்ச் சேலத்து விளக்கைப் பார்த்துவிட்டு வரலாம். அதற்குக் காசு கிடையாது. லூப் ரோட்டுக்கு ஒரு காலை. பகோடா முனைக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் ஒரு காலை. கிளியூர் அருவிக்கு முழங்கால் அனுமதிக்கிறவர்கள் மட்டும். காட்சி எங்கேயும் ஓடிப்போகாது. நாம்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறோம். போன மலரில் இரங்கல் பக்கம் ஒன்றாக இருந்தது; இந்த மலரில் இரண்டாகியிருக்கிறது.

சுவிட்சர்லாந்து போகலாம் என்ற நண்பரிடம் நான் தனியாகப் பேசினேன். "ஏனுங்க, அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பொது நிதிக்குக் கொடுத்தீங்கன்னா, வராதவங்க நாலு பேரும் வருவாங்களுங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அந்தத் தறிக்காரர் என் ரூம்மேட்டுங்க, அவரு வரலீன்னா நான் எதுக்குங்க வர்றது?" என்றார். எவ்வளவு கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். நான் பேசின விதிக்கு நானே கட்டுப்பட வேண்டுமே!

இந்த யோசனைகளைச் செயற்குழு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் சொல்லலாம். சாப்பாட்டுக்குப் பின்னால் யாருக்கும் மறுப்பு இருக்காது என்பது நம்ம கல்லூரி அனுபவம்.